எட்டு கேனும் மாமியும் நானும்: சென்னையில் ஆறு நாள்

முதல் நாள், புதன்

அனந்தபுரி எக்ஸ்பிரஸில் மாமி ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. குழித்துறையில் ஏறியதிலிருந்து தாம்பரத்தில் இறங்கும் வரை ஒரு துணிப்பையை இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டே இருந்தார். உள்ளே மூன்று கிலோ சிறுதேன். சென்னைக்காரர்கள் கொசுத்தேன் என்பார்கள். கொட்டாத சின்ன ஈ; தேனீயை நாங்கள் ஈ என்றுதான் சொல்வோம். சுவர்ப் பொந்திலும் மூங்கில் குழாயிலும் மெழுகில் குடம் குடமாகக் கட்டிச் சேர்த்து வைக்கும். ஒரு கூட்டில் வருடத்துக்கு அரை கிலோ கிடைத்தால் அது நல்ல கூடு. மற்ற தேனை எல்லாம் பார்சல் லாரியில் போடச் சம்மதித்தவர், இதை மட்டும் யார் கையிலும் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார்.

வழக்கமாக இந்தப் பயணம் என் வீட்டுக்காரருடையது. வருடத்தில் மூன்று தடவை சென்னைக்கு வந்து, பாட்டில் வாங்கி, அடைத்து, கடைகளுக்குப் போட்டு, ஒரு சந்தையும் பார்த்துவிட்டுத் திரும்புவார். இந்தத் தடவை ரப்பர் தோட்டத்துச் சரிவில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு. சரி, நான் போகிறேன் என்றேன். தனியாகவா என்று கேட்டுவிட்டு மாமியும் புடவையை மடித்து வைத்துவிட்டார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் மாமியாரை மாமி என்றுதான் கூப்பிடுவோம். நாத்தனார் வீடு இருப்பது மேற்கு மாம்பலத்தில். ஸ்டேஷன் படியில் "மாமி, பாத்து வாங்க" என்று நான் குரல் கொடுத்ததும் நாலு மாமிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

எங்களுக்குச் சொந்தமாக நாற்பது தேனீப் பெட்டி இருக்கிறது. அது போக அருமனை, குலசேகரம், கடையாலுமூடு, பேச்சிப்பாறை என்று சுற்றுவட்டாரத்தில் பெட்டி வைக்கிற இருபத்திரண்டு பேரிடம் தேன் எடுக்கிறோம். மாமனார் தொடங்கியது. அவருக்கு முன்பே ஊர் முழுக்கப் பெட்டி இருந்தது. 1920களில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் வந்த ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் ஒரு ஊரக மையம் நடத்தி, கோழி வளர்ப்போடு தேனீ வளர்ப்பையும் ஜனங்களுக்குப் பழக்கினார் என்று எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். ரப்பர் பால் வெட்டப் போகிறவர் வீட்டுப் பின்பக்கம் பத்துப் பெட்டி இருப்பது அங்கே மாடு வளர்ப்பது மாதிரி.

மாலையில் நாத்தனார் போட்ட காபியைக் குடித்தோம். வெயில் தணியவே இல்லை. மாமி மொட்டை மாடிக்குப் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து சொன்னது: "மரம் கொஞ்சம் உண்டு மக்ளே. இங்கயும் ஈ பிழைக்கும்."

இரண்டாம் நாள், வியாழன்

கோயம்பேடு பக்கம் பார்சல் கிடங்கு. எட்டு கேன் அனுப்பியிருந்தோம், ஒவ்வொன்றும் இருபது லிட்டர். இருபது லிட்டர் என்றதும் இருபது கிலோ என்று நினைத்துத் தூக்க வந்த பையன் பாதியில் இறக்கி வைத்துவிட்டு எங்களை முறைத்தான். தேன் தண்ணீரைவிடக் கனம். ஒரு லிட்டர் பிடிக்கிற பாத்திரத்தில் ஏறக்குறைய 1.4 கிலோ தேன் பிடிக்கும். கேனுக்கு 28 கிலோ.

ஏழு கேன் சரியாக இருந்தது. நான்காம் எண் கேன் வயிறு உப்பிக்கொண்டு நின்றது. மூடியைச் சுற்றி நுரை கட்டி, பக்கவாட்டில் வழிந்து, தரையில் ஒரு தோசை அளவுக்குப் படர்ந்திருந்தது. குனிந்து மோந்து பார்த்தேன். லேசாகக் கள்ளு வாடை.

கிடங்கு மேலாளர் பதறிவிட்டார். "நாங்க தலைகீழா வைக்கலம்மா, சத்தியமா." அவர் மேல் குற்றம் இல்லை என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. தேனில் ஈரம் அதிகமிருந்தால் அதிலேயே இருக்கிற ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். புளிக்கும், வாயு கிளம்பும், கேன் உப்பும். மே மாத வெயிலில் லாரித் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தால் கேட்கவே வேண்டாம்.

நான் கேனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிந்திய தேனின் ஓரத்தில் ஏழெட்டு ஈ உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. லாரி ஹாரன், டீசல் புகை, மூட்டை இறக்குகிறவர்களின் சத்தம் எதுவும் அதுகளுக்கு ஒரு பொருட்டில்லை. மாமி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நான் கொம்புத்தேனீயோன்னு நெனச்சேன். இல்ல மக்ளே, வரிய பாரு. இது நம்ம பெட்டி ஈ."

பார்த்தேன். நாங்கள் பெட்டியில் வளர்க்கிற அதே இந்தியத் தேனீதான். கொம்புத்தேனீ இன்னும் சின்னது, இடுப்பு சிவந்திருக்கும். இவை கறுப்பும் மங்கிய மஞ்சளுமாக வரி போட்டிருந்தன. கோயம்பேட்டில் எந்தச் சுவர்ப் பொந்தில், எந்த மரத்துக் குழியில் குடியிருக்கிறதோ. ஒன்று வயிறு நிறையக் குடித்துவிட்டு எழுந்து கிடங்குக் கூரை மேலாகப் பறந்தது. மாமி கையை நெற்றியில் வைத்து அது போன திக்கைப் பார்த்தார். "மேக்கால போவுது." மேலாளரும் எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் மேம்பாலம்தான் இருந்தது.

நான்காம் எண்ணும் ஐந்தாம் எண்ணும் கடையாலுமூடு அண்ணன் கொடுத்தது. இதுதான் எனக்கு உறுத்தியது. மற்றவர்கள் தேன் வந்தால் கண்ணாடியில், அதாவது ரிஃப்ராக்டோமீட்டரில், ஒரு சொட்டு வைத்து ஈரம் பார்ப்போம். கூடுதலாக இருந்தால் வெந்நீர்த் தொட்டிக்குள் பாத்திரத்தை இறக்கி, மெல்லச் சூடாக்கி, ஈரத்தை இழுத்த பிறகே கேனில் ஊற்றுவோம். கடையாலுமூடு அண்ணன் தேனுக்கு இது எதுவும் கிடையாது. பதினாறு வருடமாக, ஈரம் வற்றி ஈ அடை முழுக்க மெழுகால் மூடிய பிறகுதான் எடுப்பார். அவர் தேனைத்தான் சூடு காட்டாத பச்சைத் தேன் என்று இருபது ரூபாய் கூட வைத்து விற்கிறோம். இந்த வருடமும் அண்ணன்தானே என்று கண்ணாடியைப் பெட்டியிலிருந்தே எடுக்கவில்லை. எடுக்காதது நான்தான்.

வீட்டுக்குப் போகிற ஆட்டோவைத் திருப்பிக் கிண்டி தொழிற்பேட்டைக்கு விடச் சொன்னேன். அங்கே ஒரு பரிசோதனைக் கூடத்தில் எட்டு கேனிலிருந்தும் மாதிரி கொடுத்தோம். ஈரம் மட்டும் திங்கட்கிழமைக்குள் சொல்லிவிடுவார்களாம். சட்டப்படி தேனில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மேலைநாட்டு ஈயை வைத்துக்கொண்டு வறண்ட ஊரில் பெட்டி வைக்கிறவனுக்கு அது பெரிய காரியமில்லை. காலையும் மாலையும் பனியும் தூறலுமாக இருக்கிற ரப்பர் காட்டில், இந்திய ஈயை வைத்துக்கொண்டு 20க்குள் கொண்டு வருவது மல்லுக்கட்டுதான்.

மூன்றாம் நாள், வெள்ளி

பாரிமுனை. பாட்டில் வாங்க ஒரு சந்து, மூடி வாங்க வேறு சந்து, லேபிளுக்கு ஆண்டர்சன் தெரு. ஆட்டோ உள்ளே போகாது, கைவண்டிக்காரர் கத்துவார், நாம் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். மாமிக்கு இந்த இடம் மிகவும் பிடித்துவிட்டது. "நம்ம சந்தை மாதிரியே இருக்கு, மேல கூரைதான் இல்ல."

பாட்டில்கடைக்காரரோடு ஒரு பழைய சண்டையை நான் புதிதாகத் தொடங்கினேன். ஒரு கிலோ தேனுக்கு 700 மில்லி பாட்டில் போதும். அதில் அடைத்துக் கொடுத்தால், வாங்குகிறவர் லிட்டர் எண்ணெய் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு "முக்கால்தான் இருக்கு" என்பார். ஒரு லிட்டர் பாட்டிலில் ஒரு கிலோ ஊற்றினால் கழுத்து வரை வராது, அப்போதும் "குறைச்சுட்டீங்க" என்பார். கடைக்காரர் இரண்டு விரலால் மீசையைத் தடவிக்கொண்டு, "அடி குழிஞ்ச பாட்டில் இருக்கு, பார்வைக்குப் பெருசா தெரியும், தரட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். நேரான 700 மில்லி கண்ணாடி பாட்டில் முந்நூறு வாங்கினோம்.

ஆண்டர்சன் தெரு அச்சகப் பையன் நல்ல சுறுசுறுப்பு. எங்கள் லேபிளைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிட்டு, "அக்கா, மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கெடச்சிருக்குல்ல, அந்த முத்திரையையும் மூலைல வெச்சுடலாமா? சும்மா ஜம்முனு இருக்கும்" என்றான். கிடைத்தது 2023இல், உண்மைதான். ஆனால் ஊருக்குக் குறியீடு கிடைத்துவிட்டால் ஊரில் இருக்கிற எல்லாரும் முத்திரை போட்டுக்கொள்ள முடியாது. ஒவ்வொருவரும் அதைப் பயன்படுத்துகிறவர் என்று தனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். நாங்கள் இன்னும் செய்யவில்லை. அவனிடம் சொன்னதும், "யாருக்கா பாக்கப் போறாங்க" என்றான். இந்த ஊரில் அன்றைக்கு நான் நான்காவது தடவையாகக் கேட்ட வாக்கியம் அது.

ராத்திரி பத்து மணி வரை நாத்தனார் வீட்டு ஹாலில் அடைத்தோம். கடையாலுமூடு கேன் இரண்டையும் தொடவில்லை. நான்காம் எண்ணை மூடியைத் தளர்த்திப் பால்கனியில் வைத்தோம். ராத்திரி அது மெல்லிய குரலில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தது. நாத்தனார் பையன் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஆயா, இதுக்குள்ள ஈ இருக்கா?" என்றான்.

நான்காம் நாள், சனி

அடையாறில் ஒரு வார இறுதிச் சந்தை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மேலே ஷாமியானா. பக்கத்து மேசை கருப்புக்கவுனி அரிசி, அந்தப் பக்கம் மரச்செக்கு எண்ணெய். என் வீட்டுக்காரர் கிளம்பும்போதே சொல்லி அனுப்பியிருந்தார்: "தேன் விக்கது பாதி வேலை. மீதி வேலை தீக்குச்சி."

பத்தே நிமிடத்தில் முதல் தீக்குச்சி வந்துவிட்டது. பேன்ட், டி-ஷர்ட், நடைப்பயிற்சி முடித்து வந்த பெரியவர். சட்டைப்பையில் தயாராக வைத்திருந்த தீப்பெட்டியை எடுத்து, குச்சியைத் தேனில் முக்கி உரசினார். பற்றிக்கொண்டது. "பரவால்ல, ஒரிஜினல்" என்றார். எனக்கு மகிழ்ச்சியாக இல்லை. குச்சி எரிந்ததால் தேனில் தண்ணீர் ரொம்ப இல்லை என்று மட்டும்தான் தெரியும். கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகில் முக்கினாலும் எரியும். தண்ணீர் டம்ளரில் சொட்டு விடுகிற சோதனையும் அப்படித்தான். பாகும் அதே மாதிரி அடியில் போய் உட்காரும். எறும்பு வராது என்பதும் கதை. எங்கள் வீட்டுத் தேன் அறையில் நான் பாதி நாள் எறும்போடுதான் சண்டை போடுகிறேன்.

அவர் 2020 விவகாரத்தையும் எடுத்தார். அந்த வருடம் டிசம்பரில் டெல்லியில் இருக்கிற சி.எஸ்.இ. என்கிற சுற்றுச்சூழல் ஆய்வு அமைப்பு பதின்மூன்று பிராண்ட் தேனைச் சோதித்ததில் மூன்றுதான் எல்லாச் சோதனையிலும் தேறின என்று செய்தி வந்ததே, அது. அதற்குப் பிறகுதான் எங்களை மாதிரிச் சின்ன ஆட்களைத் தேடி ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். நன்மைதான். ஆனால் வருகிற ஒவ்வொருவரும் போலீஸ் மாதிரி வருகிறார்கள்.

"ரப்பர் தேனா? ரப்பர் வாசனை வருமா?" இது ஒரு இளம்பெண். இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும், பதில் சுவையானது என்பதால். ரப்பரில் ஈ தேன் எடுப்பது பூவிலிருந்து இல்லை. தை, மாசியில் இலையெல்லாம் உதிர்ந்து மரம் மொட்டையாக நிற்கும். பிறகு செம்பு நிறத்தில் தளிர் விடும். அந்தத் தளிரின் காம்பு முடிகிற இடத்தில், மூன்று இலையும் சேர்கிற முனையில், கடுகளவு சுரப்பி இருக்கிறது. அங்கே முத்து முத்தாக இனிப்பு நிற்கும், நாக்கை வைத்தாலே தெரியும். இலை முற்றிப் பச்சையாகிவிட்டால் சுரப்பு நின்றுவிடும். அந்த ஒன்றிரண்டு மாதம்தான் எங்களுக்கு வருடம். அவள் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு, "ஃபிரிட்ஜ்ல வெக்கலாமா?" என்றாள். வைக்காதீர்கள், உறைந்துவிடும், அப்புறம் சர்க்கரை கலந்திருக்கிறது என்று எனக்கே போன் செய்வீர்கள் என்றேன். சிரித்தாள். உறைந்தாலும் வெந்நீரில் பாட்டிலை நிறுத்தினால் இளகிவிடும்.

பதினோரு மணிக்கு ஒரு பாட்டி சிறுதேன் கேட்டார். பேத்தி பிறந்து மூன்று நாளாம், சேனை வைக்க வேண்டுமாம். நான் கொடுக்கவில்லை. ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் ஆகாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரின் வித்துகள் பெரியவர்கள் வயிற்றில் ஒன்றும் செய்யாது, பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைக் கக்கிவிடும். "என் நாலு புள்ளைக்கும் தேன்லதான் சேனை வெச்சோம்" என்று பாட்டி கோபித்துக்கொண்டு போனார். மாமி எதுவும் சொல்லாமல் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பிள்ளைக்கும், அதாவது என் வீட்டுக்காரருக்கும், சேனை வைத்தது தேனில்தான்.

சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு அம்மா வந்தார். நல்ல ஆர்வம், நல்ல கேள்விகள். எந்த மாதம் எடுப்பீர்கள், எப்படி வடிகட்டுவீர்கள், பச்சைத் தேன் இருக்கிறதா? இந்தத் தடவை பச்சைத் தேன் இல்லை என்றேன். பரவாயில்லை என்று மூன்று கிலோவை எடுத்து வைத்துவிட்டு, பணம் எடுக்கும்போது கேட்டார்: "நீங்க தேனீக்கு சர்க்கரைப் பாகெல்லாம் குடுக்க மாட்டீங்கல்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமி சொல்லிவிட்டார்: "குடுப்போமே."

அந்த அம்மா கை அப்படியே நின்றது.

"மழைக்காலத்துல பூ ஏது? ஆனி, ஆடி, ஆவணி முழுக்க அங்க மழைதான். ஈ வெளியவே போவாது. சீனியக் காச்சி ஆறவச்சி, சிரட்டையில ஊத்தி, பொட்டிக்குள்ள வைப்போம். ஈ முங்கிச் செத்துரக் கூடாதுன்னு அதுல நாலு ஓலக்குச்சி ஒடிச்சிப் போடுவோம். அதுல ஏறி நின்னு குடிக்கும்."

நான் இடையில் புகுந்து மீதியைச் சொன்னேன். அது ஈ பட்டினி கிடக்காமல் இருக்க. தளிர் வருகிற காலத்துக்கு முன்பே நிறுத்திவிடுவோம். தேன் எடுக்கும் மரச்சட்டங்களை அதற்குப் பிறகுதான் மேலே வைப்போம், அதனால் பாகு தேனில் சேராது. பெட்டி வைக்கிற எல்லாரும் எங்கள் பக்கம் இதைத்தான் செய்கிறார்கள். கொடுக்காவிட்டால் ஆடி முடிவதற்குள் கூடு காலியாகிவிடும். எல்லாம் உண்மை. ஆனால் சொல்லச் சொல்ல எனக்கே சமாளிப்பது மாதிரிதான் கேட்டது. சிரட்டை என்றால் என்னவென்றும் அவருக்குப் புரியவில்லை. கொட்டாங்குச்சி என்று நான் திருத்திச் சொன்னது அந்த நேரத்துக்குக் கொஞ்சமும் உதவவில்லை.

"யோசிச்சுட்டு வரேன்" என்று போனார். சந்தை மொழியில் அதற்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரியும்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். பக்கத்து மேசை அரிசிக்காரர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். "ஆமான்னு எதுக்கும்மா சொல்றீங்க? எல்லாரும் இல்லன்னுதான் சொல்வாங்க" என்றார். மாமி அவரைப் பார்த்து, "பட்டினி போட்டுட்டுத் தேன் மட்டும் எடுக்கவா?" என்று கேட்டுவிட்டு டிபன்பாக்ஸைத் திறந்தார்.

அன்றைக்கு முப்பத்தொரு கிலோ விற்றது. வீட்டுக்காரர் போன தடவை ஐம்பது விற்றிருந்தார்.

திரும்பும்போது சிக்னல் பக்கத்தில் ஒருவன் அலுமினிய அண்டாவில் பாகு மாதிரி எதையோ வைத்து, மேலே ஒரு பெரிய தேனடையைக் கவிழ்த்து, "ஃப்ரெஷ் தேன், இப்ப எடுத்தது" என்று விற்றுக்கொண்டிருந்தான். கூட்டம் இருந்தது. அடையை ஓரமாக ஒடித்துப் பார்த்தால் தெரியும், பழைய காய்ந்த அடை, அறைகளில் தேனே இல்லை. மாமி ஆட்டோவுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அந்த அடை மலைத்தேனீ அடை. பாவம், எத்தனை நாள் கட்டினதோ" என்றார். அவன் விற்கிற பாகைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள், ஞாயிறு

வேளச்சேரியில் எங்களிடம் வருடக்கணக்காகத் தேன் வாங்குகிற ஒரு குடும்பம். அவர்கள் அடுக்ககத்தில் ஆறாவது மாடி வெயில்மறைப்புக்குக் கீழே மலைத்தேனீ கூடு கட்டியிருக்கிறது. மருந்து அடிக்க ஆள் சொல்லியாகிவிட்டது, வந்து பாருங்களேன் என்று நேற்று ராத்திரி போன். போனோம்.

ஒற்றை அடை, முறம் மூன்றை ஒட்டி வைத்த அகலம். அடையே தெரியாத அளவுக்கு ஈ மூடியிருந்தது. ஒரு காகம் கிட்டே பறந்ததும் அந்தக் கறுப்புப் பரப்பில் ஒரு அலை ஓடியது, ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு, காற்றில் பட்டுத் துணி ஆடுகிற மாதிரி. வயிற்றைத் தூக்கித் தூக்கி இறக்கி அதுகள் செய்கிற மிரட்டல் அது. நாங்கள் பெட்டியில் வளர்க்கிற ஈ இல்லை. வளர்க்கவும் முடியாது, மூடிய பெட்டிக்குள் இருக்காது.

அடுக்ககச் சங்கச் செயலாளர் நியாயமான மனிதர். குழந்தைகள் இருக்கிறார்கள், ராத்திரி பால்கனி முழுக்கச் செத்த ஈ, என்ன செய்ய என்றார். ராத்திரி விளக்கு எரிந்தால் மலைத்தேனீ அதைத் தேடி வரும். ஆறாவது, ஏழாவது மாடி பால்கனி விளக்கை அணைத்து வைத்தாலே பாதித் தொல்லை தீரும் என்றேன். பூ தீர்ந்ததும் இது தானாகக் கூட்டைக் காலி செய்துகொண்டு போகிற சாதி, கல்லெறியாமல், புகை போடாமல் இருந்தால் பெரும்பாலும் கீழே வந்து யாரையும் கொட்டாது. யோசிக்கிறோம் என்றார். இது வேறு மாதிரி யோசிக்கிறோம். கையோடு வாட்ஸ்அப் குழுவில் விளக்கு விஷயத்தைப் போட்டார்.

காபி குடிக்கும்போது அந்த வீட்டுப் பையன் மாமியிடம், உங்களை எத்தனை தடவை கொட்டியிருக்கும் என்று கேட்டான். மாமி அதை விட்டுவிட்டு 1992ஐப் பற்றிச் சொன்னார். அந்த நோய் வந்தபோது அவர் கல்யாணமாகி வந்து சில வருடம்தான். அறுபது பெட்டி இருந்தது. புழுவெல்லாம் தலையைத் தூக்கிக்கொண்டு, உள்ளே தண்ணீர் நிறைந்த பை மாதிரி அறைக்குள் செத்துக் கிடந்தது. ஊசியால் குத்தி எடுத்தால் சொட்டியது. தாய்லாந்து சேக்புரூட் என்று பிறகு பேர் சொன்னார்கள், வைரஸ். கேரளம் முழுக்க, எங்கள் ஜில்லா முழுக்கப் பெட்டிகள் காலி. எங்கள் வீட்டில் மிஞ்சியது நாலு. "காலிப் பொட்டிய அடுக்கி வச்சி அடுப்பெரிச்சோம்" என்றார். பையன் அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

மாலையில் நாத்தனார் எங்களை பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். மாமிக்கு எங்கள் ஊர்க் கடல்தான் கடல். பஜ்ஜி நன்றாக இருந்தது.

ஆறாம் நாள், திங்கள்

காலை பதினொன்றுக்குப் பரிசோதனைக் கூடத்திலிருந்து போன். ஆறு கேன் 18.6லிருந்து 19.7 வரை. ஐந்தாம் எண் 22.1. நான்காம் எண் 23.9.

ஐந்தாம் எண் இன்னும் புளிக்கவில்லை. ஊருக்குத் திருப்பி அனுப்பி, சூடாக்கி ஈரம் இழுத்துவிடலாம், பச்சைத் தேன் என்று மட்டும் போட முடியாது. நான்காம் எண் போனது போனதுதான். ஈக்குத் திருப்பி வைக்கலாமே என்று ஒரு கணம் நினைத்தேன். புளித்த தேனைக் குடித்தால் ஈக்கு வயிற்றுப்போக்கு வரும். லேகியம் காய்ச்சுகிற ஒருவர் கால் விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார், நாத்தனார் வீட்டிலிருந்து வந்து எடுத்துப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மதியம் இன்னொரு போன். சனிக்கிழமை வந்த அந்த அம்மா, லேபிளில் இருந்த எண்ணைப் படமெடுத்துப் போயிருக்கிறார். "உங்க மாமியார் சொன்னத எங்க டாக்டர் ஃப்ரெண்டு கிட்ட கேட்டேன். ஒரு கிலோ மட்டும் அனுப்புங்க, பாக்கலாம்" என்றார். மூன்று கிலோ ஒரு கிலோவாகிவிட்டது. சரி, ஒரு கிலோ.

தாம்பரத்தில் வண்டிக்குக் காத்திருந்தபோதுதான் கடையாலுமூடு அண்ணனுக்குப் போன் போட்டேன். காலையிலிருந்து தள்ளிப் போட்ட போன். ஈரம் 23.9 என்று சொன்னேன். அந்தப் பக்கம் பேச்சில்லை. பின்னால் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"அது... மூத்தவளுக்கு நர்சிங் காலேஜ்ல பணம் கட்டணும்னு இருந்துச்சு மைனி. பாதிதான் மூடியிருந்துச்சு. ஒரு வாரம் காத்திருந்தா மழ வந்துரும்போல இருந்துச்சு. எடுத்துட்டேன்." கொஞ்சம் இடைவெளி விட்டு, "சொல்லியிருக்கணும். நீங்க கண்ணாடில பாப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

நாங்கள் பார்க்கவில்லை என்று சொன்னேன். அதற்கு மேல் இருவருக்கும் சொல்ல இல்லை. கொடுத்த பணத்தைக் கழித்துக்கொள்ளச் சொன்னார். பாதியை நாம் போட்டுக்கொள்வோம், மீதியை அடுத்த மாசிக்குப் பார்ப்போம் என்றேன். வீட்டுக்காரரிடம் கேட்காமல்தான் சொன்னேன்.

மாமி போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். தேனைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன்.

"ஏலே, அங்க மழ பிடிச்சிட்டா? பொட்டிக்குச் சிரட்ட வச்சியா?"